முதுகு திருப்பிக் கேட்ட தட்டுகள்

மார்ச் 8, ஞாயிறு

என் இசைத்தட்டு களவு போயிருக்கிறது. உறை இருக்கிறது. உறைக்குள் ஒரு தட்டும் இருக்கிறது. அது என்னுடையதன்று.

காலை பத்து மணிக்கு, தனி வயலின் தட்டைத் துடைப்பதற்காக ஜன்னலோரம் எடுத்துச் சென்றேன். வெயிலில் சாய்த்தபோது கண்ணில் பட்டது. இசை முடியும் இடத்துக்கும் நடு லேபிளுக்கும் இடையே விரல் அகலத்தில் ஒரு வெற்று வளையம் உண்டு. தட்டை வார்ப்பவர்கள் அதில் கையால் ஓர் எண்ணைக் கீறியிருப்பார்கள். முதல் வார்ப்பில் பிறந்ததற்கு அது 1 என்று முடியும். பதினோரு ஆண்டுகளுக்கு முன் இதை வாங்கிய அன்று அட்டையில் நானே எழுதிவைத்தது: முடிவெண் 1. இன்று படித்தது 3. கண்ணாடியைத் துடைத்துவிட்டு மீண்டும் படித்தேன். 3.

மூன்றாம் வார்ப்பு பழைய தட்டுக் கடை எதிலும் கிடைக்கும். முதல் வார்ப்பு, நான் அறிந்தவரை, இந்நகரில் என்னிடம் மட்டுமே இருந்தது.

என் அலமாரியைத் தொடும் உரிமை இருவருக்குத்தான். ஒருவன் நான். மற்றவர் என் தங்கையின் கணவர்.

மார்ச் 9, திங்கள்

நிதானமாக எழுதிப் பார்க்கிறேன்.

குடிநீர் ஆய்வகத்தில் இருபத்தெட்டு ஆண்டுகளாக நான் கடைப்பிடிக்கும் விதி ஒன்று: மாதிரி எந்தக் குழாயிலிருந்து வந்தது என்று அறிந்தவர் அதன் முடிவை எழுதக் கூடாது. அந்த விதியைத்தான் வீட்டுக்கும் கொண்டுவந்தேன். சனிக்கிழமை மதியம் மாப்பிள்ளை தம் பல் மருத்துவமனையைப் பூட்டிக்கொண்டு தங்கையுடன் வருவார். மாதத்துக்கு ஒருமுறைபோல, ஒரே இசையின் இரு தட்டுகளை, அவருடையது ஒன்று என்னுடையது ஒன்று, தம் விருப்பப்படி முன்பின்னாக ஓடவிடுவார். நான் முதுகைத் திருப்பிச் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, எது மேலான வார்ப்பு என்று சொல்வேன். பத்தொன்பது ஆண்டுகளாக இது நடக்கிறது. குறிப்பேட்டில் 212 தீர்ப்புகள் இருக்கின்றன. தொடங்கிய ஆண்டில் ஒன்று தவறியது. அதன்பின் ஒன்றுகூடத் தவறவில்லை.

பிப்ரவரி 21 அன்று எடுத்தது இந்த வயலின் தட்டு. எங்கள் இசைத்தட்டு வட்டத்தின் தலைவரான ஓய்வுபெற்ற நீதிபதியும் அன்று விருந்தினராக வந்திருந்தார். முதலில் ஓடியது மெலிந்த, உயிரற்ற மறுவார்ப்பு என்றேன். இரண்டாவதே என்னுடையது, அதில் வில் மூச்சு விடுவதுகூடக் கேட்கிறது என்றேன். "சரிதான் மச்சான்" என்றார் மாப்பிள்ளை. நீதிபதி கைதட்டினார். எழுந்து அவருடன் கைகுலுக்கினேன். பின்னர் மாப்பிள்ளை பிளேயரிலிருந்து தட்டை எடுத்து என் கண்முன்பே என் உறையில் இட்டார்.

ஆக, நடந்தது அந்தக் கைகுலுக்கலின் அரை நிமிடத்தில். பல்லைப் பிடுங்கிப் பழகிய கைக்கு அரை நிமிடம் தாராளம்.

இன்னொன்றையும் மறைக்காமல் எழுத வேண்டும். மார்ச் 1 அன்று அந்த உறையிலிருந்ததை எடுத்துத் தனியே கேட்டிருக்கிறேன். "இத்தனை ஆண்டுகளில் இவ்வளவு தெளிவாகக் கேட்டதில்லை" என்று இதே நாட்குறிப்பில் என் கையெழுத்து சொல்கிறது. களைப்பாக இருந்திருப்பேன்.

மார்ச் 10, செவ்வாய்

மனைவியிடம் சொன்னேன். காய் நறுக்குவதை நிறுத்தாமலே கேட்டாள்.

"உறை அப்படியே இருந்து உள்ள ஆள் மாறினா உங்களுக்குத் தெரியவா போகுது? என்னையே மாத்திவச்சாலும் நாலு நாள் கழிச்சுத்தான் கண்டுபிடிப்பீங்க."

இவளுக்கு இது வேடிக்கை. தங்கையைத் தவிர எனக்கு உடன்பிறந்தவர் எவருமில்லை. தாய் தந்தையும் இல்லை. வாரத்தில் ஒரு நாள் அவள் என் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து தேநீர் குடிக்கிறாள். அந்த ஒரு நாளையும் அவள் கணவர் எனக்கு விஷமாக்கிவிட்டார் என்பது இவளுக்கு உறைக்கவில்லை.

மார்ச் 14, சனி

வந்தார்கள். நான் எதுவும் காட்டிக்கொள்ளவில்லை. கவனித்தேன்.

மாப்பிள்ளை வழக்கத்தைவிட அதிகம் பேசினார். அலமாரியின் இரண்டாம் அடுக்கை, வயலின் தட்டு இருக்கும் அடுக்கை, நான்கு முறை பார்த்தார். குளிரில்லாத மதியத்தில் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்திருந்தார், அதைக் கழற்றவுமில்லை. ஏன்? நான் தேநீர் எடுக்க உள்ளே போய்ச் சட்டெனத் திரும்பியபோது அவர் அலமாரியருகே நின்றிருந்தார். தங்கை வாசலை மறைத்தாற்போல் நின்றாள்.

"என்ன தேடுறீங்க மாப்ளே?"

"சும்மா... தூசி இருக்கான்னு பார்த்தேன் மச்சான்."

தூசியாம்! என் அலமாரியில்!

வேண்டுமென்றே வயலின் தட்டை உருவினேன். "அது வேணாம் மச்சான், வேற போடுங்க. அதைத்தான் அன்னிக்கே கேட்டாச்சே" என்றார். முகம் வெளுத்திருந்தது. தங்கையும் உடந்தையா? இந்தக் கேள்வியை எழுத எனக்கு விருப்பமில்லை. எழுதாமலும் இருக்க முடியவில்லை.

மார்ச் 15, ஞாயிறு

நான்கு வாக்கியங்களில் கடிதம். மாற்றப்பட்ட தட்டை நான் அடையாளம் கண்டுவிட்டேன். என்னுடையதை ஏழு நாட்களுக்குள் திருப்பி அனுப்புக. சனிக்கிழமைகள் இத்துடன் முடிவடைகின்றன. இதன் நகல் வட்டத் தலைவருக்கும் அனுப்பப்படுகிறது.

மூன்று முறை திருத்தினேன். கோபம் தெரியும் சொல் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

மார்ச் 18, புதன்

மாப்பிள்ளையிடமிருந்து குறுஞ்செய்தி: "தட்டு பத்திரமா இருக்கு மச்சான். நேர்ல வந்து சொல்றேன்."

ஒப்புக்கொண்டுவிட்டார்! பதில் அனுப்பவில்லை.

மார்ச் 21, சனி

மதியம் இரண்டரைக்கு அழைப்புமணி. கதவுக் கண்ணாடி வழியே பார்த்தேன். மாப்பிள்ளை. மார்போடு அணைத்தபடி சதுரமான பொட்டலம் ஒன்று. கதவை நான் திறக்கவில்லை, மனைவியையும் திறக்க விடவில்லை. ஆறு நிமிடம் நின்றார். பொட்டலத்தை வாசலில் விட்டுப்போக மனம் வராமல் கையோடு கொண்டுபோனார்.

"வாசல்ல நிக்கறது உங்க தங்கச்சி புருஷன், போலீஸ் இல்ல" என்றாள் மனைவி. பிறகு அறைக்குள் போய் எனக்கு எதிரே கதவைச் சாத்திக்கொண்டாள்.

நீதிபதி தொலைபேசியில், "அவர் தரப்பைக் கேட்காமலா?" என்றார். ஒப்புதலே வந்துவிட்டது என்றேன். வட்டத்திலிருந்து மாப்பிள்ளையின் பெயர் நீக்கப்பட்டது.

மார்ச் 24, செவ்வாய்

தங்கை ஆய்வகத்துக்கே வந்துவிட்டாள்.

குளோரின் நெடியும் வரிசையாக எண்ணிட்ட புட்டிகளும் உள்ள நடைவழி. என் உதவியாளர்கள் கண்ணாடிக்கு அப்பால் வேலை செய்வதுபோல் பாவனை செய்துகொண்டிருந்தார்கள். பொட்டலத்தை என் மேல் திணித்தாள்.

"உன் பொருள். எண்ணைப் பாத்துக்கோ. உன் அட்டையில இருக்கறதுதான்."

பார்த்தேன். 1.

"ஆக, எடுத்தது அவர்தான்."

"அவர்தான். ஏன்னு கேளேன்."

"கேக்க என்ன இருக்கு?"

"அன்னிக்கு முதல்ல ஓடினதுதான் உன்னோடது, அண்ணா." குரலைத் தாழ்த்தவேயில்லை. "ரெண்டாவது அவரோடது. நீ செவுத்தைப் பாத்துக்கிட்டு, வில்லு மூச்சு விடுது, அது விடுது இது விடுதுன்னு அஞ்சு நிமிஷம் அவரோட தட்டைப் புகழ்ந்தே. ஜட்ஜ் வேற கைதட்டிட்டார். அவர் என்னைப் பாத்தார். நான் தலையாட்டினேன். 'சரிதான் மச்சான்'னார்."

"கைகுலுக்கினப்போ மாத்தி..."

"ஒண்ணையும் மாத்தலே! ரெண்டாவது தட்டு பிளேயர்லயே இருந்தது. நீ என்னோடதுன்னு சொல்லிட்டே. உன் கண்ணு முன்னாடி அதை எந்த உறையில போடுவார்? சொல்லு! உன்னோடது அவரோட உறைக்குள்ள எங்க வீட்டுக்கு வந்துடுச்சு. திருடன் எடுக்கத்தான் கஷ்டப்படுவான். நாங்க திருப்பி வைக்கிறதுக்கு மூணு வாரமா நாய்படாத பாடு பட்டோம். கோட்டுக்குள்ள மறைச்சு எடுத்துட்டு வந்து... ஒரு வினாடி அந்த அலமாரியை விட்டு நகர்ந்தியா நீ?"

வளையத்திலிருந்த அந்த 1-ஐ மறுபடியும் படித்தேன்.

"அவரோட தட்டை நாளைக்கே அனுப்பிடு" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். அண்ணா என்று சொல்லவில்லை.

மார்ச் 25, புதன்

அவள் சொன்னது பொய்யாகவும் இருக்கலாம். கணவனைக் காப்பாற்றச் சொன்ன கதையாகவும் இருக்கலாம். அதைச் சோதிக்க வழி இருக்கிறது.

அரை நாள் விடுப்பு. இரண்டு தட்டுகளும் இப்போது என்னிடம் இருக்கின்றன. மனைவியைப் பிளேயரருகே நிற்கவைத்து, முன்பின்னாகப் பத்து முறை ஓடவிடச் சொன்னேன். வரிசையை அவள் தாளில் குறித்துக்கொண்டாள். நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன்.

பத்தில் நான்கு சரி. நாணயத்தைச் சுண்டியிருந்தால் ஐந்து கிடைத்திருக்கும்.

அவள் தாளைக் கொடுத்துவிட்டுக் கேலி செய்யாமல் போனாள். கேலி செய்திருக்கலாம்.

மார்ச் 26, வியாழன்

212.

குறிப்பேட்டை முதல் பக்கத்திலிருந்து புரட்டினேன். "உடனே கண்டுகொண்டேன்." "ஐயமே இல்லை." "மாப்பிள்ளை வியந்தார்." ஒவ்வொரு தீர்ப்பின்போதும் என் முதுகுக்குப் பின்னால் நின்றவர் அவர். சரி என்று சொன்னவரும் அவர். முடிவை அறிவிப்பவரே விடையை வைத்திருந்த சோதனை இது. ஆய்வகத்தில் ஒரு பயிற்சியாளர் இப்படிச் செய்திருந்தால் அன்றே வெளியே அனுப்பியிருப்பேன். பத்தொன்பது ஆண்டுகளில் ஒருமுறைகூட எழுந்துபோய் எண்ணைப் பார்க்கத் தோன்றவில்லையே எனக்கு! ஏன் தோன்றவில்லை? விடை சாதகமாக இருந்ததாலா?

அவர் திருடியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

மார்ச் 28, சனி

அவர்கள் வீட்டுக்குப் போனேன். மூன்றாம் மாடி. இத்தனை ஆண்டுகளாக எப்போதும் அவர்கள்தான் வந்தார்கள். மாடியேறியது எத்தனையாவது முறை என்று விரல்விட்டு எண்ணிவிடலாம். தங்கை கதவைத் திறந்தாள். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. வழிவிட்டு நின்றாள்.

மாப்பிள்ளை சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். அவருடைய தட்டை மேசையில் வைத்தேன்.

"உக்காருங்க மச்சான்."

"எத்தனை தடவை?" என்றேன் நின்றபடியே.

புரியாததுபோல் நடிக்கவில்லை. ஊசியைத் துணியில் குத்திவைத்தார்.

"எண்ணலே மச்சான்."

"தோராயமா?"

"பாதி இருக்கும். கூடவும் இருக்கலாம்."

"என்னை முட்டாளாக்கிப் பாக்கறதுல அவ்வளவு சந்தோஷமா?"

அப்போதுதான் அவர் குரல் முதன்முறையாக உயர்ந்தது. "முதல் வருஷம் நீங்க ஒரு தடவை தப்பாச் சொன்னீங்க. நானும் புது மாப்பிள்ளை, 'தப்பு மச்சான்'னு சிரிச்சுட்டேன். ஞாபகம் இருக்கா? அதுக்கப்புறம் ரெண்டு மாசம் நீங்க கூப்பிடவே இல்ல. போன் எடுக்கலே. கல்யாணமாகி வந்த பொண்ணு, உங்களை விட்டா அவளுக்கு யாரு? தினம் அழுதா. மூணாவது மாசம் கூப்பிட்டீங்க. அன்னியிலேர்ந்து நீங்க தப்பே சொல்லலே."

தங்கை ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த இரண்டு மாதங்கள் எனக்கு நினைவில்லை. பொய்யென்று சொல்லவும் முடியவில்லை. ஏனென்றால் சென்ற இரண்டு வாரங்கள் நினைவிருக்கின்றன.

"இனிமே உண்மையைச் சொல்லுங்க மாப்ளே."

"தாங்குவீங்களா?"

"தெரியாது."

தேநீர் கொடுக்கவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

ஏப்ரல் 4, சனி

வரவில்லை. நான் அழைக்கவுமில்லை. வட்டத்தாருக்கு உண்மையைச் சொல்லாமல் அழைக்கும் தகுதி எனக்கில்லை.

நீதிபதியைத் தொலைபேசியில் பிடித்தேன். கடிதத்தைத் திரும்பப் பெறுவதாகவும், தவறு என் செவியுடையது என்றும், இதை மற்றவர்களிடமும் அப்படியே சொல்லலாம் என்றும் கூறினேன்.

"அப்போ அன்னிக்கு நான் கைதட்டினது?"

"தவறான தீர்ப்புக்கு."

"எனக்கு ரெண்டுக்கும் வித்தியாசமே தெரியலைங்க. நீங்க அவ்வளவு அழுத்தமாச் சொன்னீங்களேன்னுதான் தட்டினேன்" என்றார்.

மாலையில் தங்கையை அழைத்தேன். "வர்ற சனி" என்றேன். "அவர்கிட்டே கேட்டுச் சொல்றேன்" என்றாள். பிறகு, "சரி அண்ணா" என்றாள்.

ஏப்ரல் 11, சனி

ஐந்து இணைகள். இரண்டு சரி, மூன்று தவறு.

முதல் தவறின்போது அறையில் ஒருவரும் அசையவில்லை. மனைவி கோப்பையைப் பாதி வழியில் நிறுத்தியிருந்தாள். "தப்பு மச்சான்" என்ற குரல் என் பிடரியில் விழுந்தது. காது சூடேறியது. சுவரில் ஒரு விரிசல் இருப்பதை இன்றுதான் பார்த்தேன். "அடுத்ததைப் போடுங்க" என்றேன்.

முடிந்ததும் எழுந்து பிளேயரிடம் போனேன். சரியென்று அவர் சொன்ன இரண்டையும் உறையிலிருந்து உருவி, வளையத்தில் இருந்த எண்ணைத் தேடினேன்.

"நம்பிக்கை இல்லையா மச்சான்?"

"இல்ல மாப்ளே" என்றேன்.

தங்கைக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. மாப்பிள்ளை மேசை விளக்கை என் பக்கம் திருப்பிவைத்தார்.