ஐந்தாவது ஏன்

ஜூன் 9, திங்கள்

காலையிலிருந்து தூறல். காற்று வேறு. ஓசூரில் ஜூன் மாதம் ஸ்வெட்டர் போடுகிறோம் என்றால் மதுரைக்காரர்கள் நம்புவதில்லை.

செய்ய வேண்டியவை:
1. செல்வத்துக்குத் தன்குறிப்பு, நூறு சொல்.
2. ஸ்கூட்டர் பிரேக்.
3. மஞ்சுளா ரிப்போர்ட். வெள்ளிக்குள்.

செல்வம் என் பதிப்பாளர். என் முதல் அறிவியல் கதைத் தொகுப்பு மறுபதிப்பாக வருகிறது. பின்னட்டை வாசகத்தை அவரே எழுதிவிட்டார்: "இவருடைய யந்திரங்கள் தவறு செய்வதில்லை. மனிதர்கள்தான் செய்கிறார்கள்." போனில் படித்துக் காட்டிவிட்டு, "எப்படி சார்?" நன்றாக இருக்கிறது என்றேன்.

மஞ்சுளா எங்கள் பிரஸ் ஷாப்பில் காண்ட்ராக்ட் ஆபரேட்டர். சூளகிரிப் பக்கம். போன வியாழன் ஏழாம் நம்பர் பிரஸ்ஸில் வலது கை மாட்டியது. இரண்டு விரல் போயிற்று.

இன்று பிளான்ட் மேனேஜர் (இனி மே.) கூப்பிட்டார். "நீங்கதான் கதை எழுதறவராச்சே. ஒய்-ஒய் ஷீட்ட நீங்களே போட்டுடுங்க சார். கிளீனா வரணும்."

ஒய்-ஒய், அதாவது ஏன்-ஏன் ஷீட் என்பது ஒரு தாள், ஐந்து கட்டம். ஏன் நடந்தது? அது ஏன்? அதுவும் ஏன்? ஐந்து தடவை கேட்டால் மூல காரணம் வந்து நிற்கும் என்று நம்பிக்கை. எங்களிடம் இரண்டாவது கட்டத்திலேயே "ஆபரேட்டர் கவனக்குறைவு" வந்துவிடும். மீதி மூன்றில் அதையே வேறு வேறு வார்த்தையில் எழுதுவோம். அதில் நான் கெட்டிக்காரன்.

வருத்தம் வரும் என்று பார்த்தேன். வரவில்லை. பசித்தது. சாப்பிட்டேன்.

ஜூன் 10, செவ்வாய்

கொஞ்சம் வெயில். பிரேக் சரியாகிவிட்டது.

தன்குறிப்பு, முதல் முயற்சி: "பர்கூரில் பொறியியல் படித்தார். முதல் கதையை டிராயிங் ஷீட்டின் பின்பக்கம் எழுதினார். முன்பக்கம் இருந்த கியர் பாக்ஸுக்கு மார்க் போயிற்று. இருபத்திரண்டு வருடமாக ஓசூரில் மெயின்டனன்ஸ் இன்ஜினியர். மூன்று தொகுப்பு, ஒரு நாவல்."

அப்புறம்? எல்லாம் கம்பெனி பஸ்ஸில் யோசித்தவை. சனிக்கோளின் நிலவில் ஒரு பிரஸ் ஷாப் வைத்து நாவலே எழுதினேன். வாசகர் கடிதம் குறைந்தது ஐம்பது வந்திருக்கும். எல்லோரும் யந்திரங்களைத்தான் பாராட்டினார்கள். மனைவி லதா மட்டும் படித்துவிட்டு, "உங்க கதையில ஒருத்தரும் சோறு திங்கறதில்ல. ஒருத்தருக்கும் அடிபடறதும் இல்ல" என்றாள். கல்யாணமான புதிதில். அப்போது சிரித்தேன்.

ஷீட்:
ஏன் 1: கை உள்ளே இருக்கும்போது பிரஸ் இறங்கியது.
ஏன் 2: கை உள்ளே இருப்பது பிரஸ்ஸுக்குத் தெரியவில்லை.
ஏன் 3: லைட் கர்ட்டன் வேலை செய்யவில்லை. (பிரஸ் வாயில் இருக்கும் ஒளித்திரை. கை குறுக்கே போனால் பிரஸ் நிற்க வேண்டும்.)

அத்தோடு பேனாவை மூடிவிட்டேன்.

ஜூன் 11, புதன்

மேக மூடாக்கு. கேன்டீனில் எலுமிச்சை சாதம்.

மே. ஷீட்டைப் பார்த்தார். "கர்ட்டனெல்லாம் எதுக்கு சார் இழுக்கறீங்க? செக் பண்ண வந்தவங்க பாத்தாங்க, வேலை செய்யுதுன்னுட்டாங்க. ஆபரேட்டர் மிஸ்டேக்னு முடிங்க."

வேலை செய்கிறதுதான். இப்போது.

இது என் டைரி, இங்காவது எழுதலாம். அந்தக் கர்ட்டன் காரணமே இல்லாமல் பிரஸ்ஸை நிறுத்திக்கொண்டிருந்தது. ஸ்பேர் கேட்டேன், மூன்று வாரம் வரவில்லை. லோடு அனுப்பியாக வேண்டும். மே. "ஏதாச்சும் பண்ணுங்க" என்றார். பண்ணினேன். நாலு அங்குலச் சிவப்பு ஒயரில் கர்ட்டனைத் தாண்டி ஒரு குறுக்கு இணைப்பு, ஜம்பர் என்போம். கை இருந்தாலும் இல்லாவிட்டாலும் "யாரும் இல்லை" என்றே கர்ட்டன் பிரஸ்ஸுக்குச் சொல்லும்.

விபத்துக்கு மறுநாள் காலையிலேயே பெங்களூரிலிருந்து ஸ்பேர் வந்துவிட்டது. ஒயரைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். செக் பண்ண வந்தவர்கள் அதற்குப் பிறகுதான் வந்தார்கள். ஒயர் இப்போது இந்த டைரிக்குள் இருக்கிறது. பக்கம் சரியாக மூடவில்லை.

ஜூன் 12, வியாழன்

அரை நாள் லீவு. ஆஸ்பத்திரி. சாத்துக்குடி, பன்.

அடுத்த கட்டிலில் ஒருவர் போனில், சாப்பாடு ஆயிற்றா என்று கன்னடத்தில்: "ஊட்டா ஆயித்தா? ஆயித்தா?" அதையே பத்து தடவை.

மஞ்சுளா எழுந்து உட்காரப் பார்த்தாள். வேண்டாம் என்றேன். கையில் பெரிய கட்டு.

"என் தப்புதான்னு எழுதி கையெழுத்து கேட்டாங்க சார். காண்ட்ராக்டர் ஆளு. போட்டாத்தான் திரும்ப வேலை கெடைக்கும்னாரு. எடது கையில போட்டேன், கோணலா வந்துச்சு. பரவால்லீங்களா?"

எனக்குத் தெரியும். அந்தத் தாளும் என் ஷீட்டும் சேர்ந்தால் அவளுக்கு வேலையும் கிடையாது, நஷ்டஈடும் கிடையாது. சொல்லவில்லை. சாத்துக்குடியை உரித்துக்கொண்டிருந்தேன்.

அவளே சொன்னாள்: "கை உள்ள போனாலும் பச்ச லைட்டே எரியுதேன்னு எனக்கு ஒரு டவுட்டு இருந்துச்சுங்க சார். ஆனா நீங்க கைய வச்ச மிஷினு. சரியாத்தான் இருக்கும்னு உட்டுட்டேன்."

பஸ் ஸ்டாண்டில் டீ. சூடாக இருந்ததா ஆறியிருந்ததா, ஞாபகமில்லை. மரத்துப்போன மாதிரி. பயமாக இருக்கிறது, இப்படி ஒன்றுமே தோன்றாமல் இருப்பதுதான்.

ஜூன் 13, வெள்ளி

மழை. குடையை மறந்தேன்.

காலையில் லதாவிடம் முழுக்கச் சொன்னேன். தோசையைத் திருப்பாமல் கேட்டாள். அது கருகிவிட்டது. "போய் எழுதிக் குடுத்துட்டு வாங்க" என்றாள். கருகியதை அவள் தட்டில் வைத்துக்கொண்டாள்.

பத்து மணிக்கு செல்வம்: "தன்குறிப்பு வரலையே சார். கடைசி வரில 'தற்போது ஓசூரில் மெயின்டனன்ஸ் இன்ஜினியர்'னு போட்டுடவா?" திங்கள் வரை பொறுக்கச் சொன்னேன். பின்னட்டையை மாற்றணுமா என்று கேட்டார். வேண்டாம், அது சரிதான் என்றேன்.

புது ஷீட். மூன்று வரை பழையபடி.
ஏன் 4: ஜம்பர் ஒயர் போட்டு கர்ட்டன் ஏமாற்றப்பட்டிருந்தது.
ஏன் 5: போட்டது நான். மே. கேட்டார், நான் மறுக்கவில்லை. ஸ்பேர் வரும்வரை பிரஸ்ஸை நிறுத்தி வைக்க எனக்கு அதிகாரம் இருந்தது. நிறுத்தவில்லை. ஆபரேட்டர் மேல் தப்பு இல்லை.

கீழே என் பெயர். ஒயரை செலோ டேப் போட்டு ஒட்டினேன். ஜெராக்ஸ் இரண்டு, ஹெட் ஆபீஸுக்கு ஒன்று, மஞ்சுளாவுக்கு ஒன்று. ஜெராக்ஸில் ஒயர் கறுப்புக் கோடாக விழுந்தது.

மே. இரண்டு தடவை படித்தார். "கதை நல்லா இருக்கு சார். இத கிழிச்சுட்டு வேற எழுதுங்க."

ஹெட் ஆபீஸ் காப்பி கூரியரில் போய்விட்டது என்றேன். அவர் நாற்காலியைக் காட்டவில்லை, நானும் உட்காரவில்லை.

டூல் ரூம் பெஞ்சில் இதை எழுதுகிறேன். கை நடுங்குகிறது. எட்டு நாளில் இதுதான் முதல் தடவை. எழுத்து கோணலாக வருகிறது.