மூன்று தரம் கேட்பது

வெக்ஸ்போர்ட், ரொறொன்ரோ
15.09.2024

அன்பின் யசிந்தா,

உன் முழங்காலும் காது மெஷினும் உன்னோடு கோபித்துக்கொள்ளாமல் இருக்கின்றன என்று நம்புகிறேன். போன கிழமை போனில் கதைத்தபோது அந்த மெஷின் கீச்சிட்ட கீச்சில் நான் சொன்னதில் பாதிகூட உனக்குப் போய்ச் சேரவில்லை. வட்ஸ்அப்பில் எழுதினால் உன் பேரப்பிள்ளைகள் முந்திக்கொண்டு வாசிக்கிறார்கள். அதனால் முத்திரை ஒட்டி மொன்றியலுக்கு அனுப்புகிறேன். ஆறுதலாக இருந்து வாசி.

வியாழக்கிழமை எங்கள் பங்குக் கோயிலிலிருந்து ஒரு நாள் சுற்றுலா போனோம். புனித நாட்டுக்குப் போகத் தெம்பில்லாத கிழடுகளுக்காகப் பங்குத்தந்தை கண்டுபிடித்த வழி இது. ரொறொன்ரோவுக்குள்ளேயே யூதர்களின் பழைய இடங்களையும் அவர்கள் இருக்கிற தெருக்களையும் காட்டி, வேதாகமத்தில் வாசிப்பதைக் கண்ணால் பார்க்க வைப்பது. முப்பத்தெட்டுப் பேர், ஒரு பஸ். வழிகாட்டி ஷோஷானா என்ற யூத மனுசி. எங்கள் வயதுதான் இருக்கும், ஆனால் நடக்கிற நடைக்கு நாங்கள் ஓடவேண்டியிருந்தது. மொழிபெயர்க்க நான். ரிம் ஹோட்டன்ஸ் கோப்பிக்கடைக் கவுன்ரரில் இருபது வருடம் நின்று பழகிய இங்கிலிஷ் இதற்குக் காணும் என்று பங்குத்தந்தை முடிவு செய்துவிட்டார்.

முதலில் கென்சிங்ரன் மார்க்கெட்டில் ஒரு பழைய செபக்கூடம். அவர்களுடைய வேதமான சட்டச்சுருள் வைத்திருக்கிற பெட்டகத்தின் திரையை ஷோஷானா விலக்கியதும், எங்கள் செபமாலைக் குழுத் தலைவர் அமிர்தநாதர் தொப்பென்று முழங்காலில் விழுந்து சிலுவை போட்டுக்கொண்டார். அவருக்குப் பின்னால் நின்ற அவ்வளவு பேரும் விழுந்து சிலுவை போட்டார்கள். நானும்தான், பழக்கதோஷம். ஷோஷானா திரையை மூடிக்கொண்டு, “உங்கள் ஆட்களுக்கு முழங்கால் நன்றாக இருக்கிறது” என்று மட்டும் சொன்னார். அதை நான் மொழிபெயர்க்கவில்லை.

பிறகு பாதர்ஸ்ற் தெரு வழியே வடக்கே போனோம். வீடுகளின் கதவு நிலையில் சின்னக் குழாய்போல ஒன்றைச் சரித்து அடித்திருக்கிறார்கள். உள்ளே மோசே எழுதிவைக்கச் சொன்ன வசனமாம். ஒரு செபக்கூட வாசலில் ஷோஷானா ஆட்டுக்கொம்பும் ஊதிக் காட்டினார். அவர்களுக்கு இது வருடம் முடிகிற மாதம், காலையில் ஊதுவார்களாம். வேதாகமத்தில் எரிக்கோ நகர மதிலை விழுத்திய கொம்புச் சத்தம் இடிபோல் இருக்கும் என்று நினைத்திருந்தேன். மாடு கன்றைத் தேடிக் கூப்பிடுவதுபோல் இருந்தது.

மத்தியானம்தான் மானம் போனது. அவர்களுடைய மண்டபத்தில் சாப்பிட ஒழுங்கு. நான் விடியவே எழும்பி அறுபது இறால் வடை சுட்டுக்கொண்டு போயிருந்தேன். லேவியர் ஆகமத்தை எத்தனை தரம் பூசையில் வாசித்திருப்பேன், செதிள் இல்லாதது அவர்களுக்கு ஆகாது என்று அந்த நேரம் மண்டைக்குள் வரவில்லை. ஷோஷானா சட்டியை மோந்து பார்த்துவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். பிறகென்ன, எல்லோரும் எதிர்ப்பக்கப் பூங்காவில் இருந்து சாப்பிட்டோம். அவரும் எங்களோடு வந்திருந்து ஒரு அப்பிளைக் கடித்தார்.

அப்போதுதான் அமிர்தநாதர் கேட்டார்: “உங்களுக்குள்ள பாவசங்கீர்த்தனம் இருக்கோ எண்டு கேள் பிள்ளை.”

ஷோஷானா சொன்னதை நான் அப்படியே தமிழில் சொன்னேன். கடவுளுக்குச் செய்த பிழையைக் கடவுள் மன்னிப்பார். ஒரு மனிதருக்குச் செய்த பிழையை அந்த மனிதர்தான் மன்னிக்க வேண்டும், கடவுள் அதில் தலையிட மாட்டார். அதனால் பெரிய உபவாச நாளுக்கு முன்னம் ஒவ்வொருவரும் தாங்கள் நோகப்பண்ணியவரிடம் போய்க் கேட்பார்களாம். மறுத்தால் இரண்டாம் தரம். மறுத்தால் மூன்றாம் தரம். மூன்று தரம் மனதாரக் கேட்டும் கிடைக்காவிட்டால் கேட்டவர் விடுபட்டுவிடுவார், பிறகு பாரம் மறுத்தவருடையது.

“எங்கட முறைதான் சுகம். சுவாமியாரிட்டச் சொன்னா அலுவல் முடிஞ்சுது,” என்றார் அமிர்தநாதர். எல்லோரும் சிரித்தார்கள். நான் கடித்த வடையைக் கீழே வைத்தேன். வடையில் காரம் கூடிவிட்டது என்று சொல்லித் தண்ணீர் குடித்தேன்.

யசிந்தா, உனக்கு ஒன்று எழுத வேண்டும். இந்தக் கடிதத்தில் என்னால் முடியவில்லை. முதலில் இதற்குப் பதில் போடு.

என்றும் உன்,
பேர்ணடெற்

*

மொன்றியல்
24.09.2024

அன்பின் பேர்ணடெற்,

செபக்கூடத்துக்கு இறால் வடை கொண்டுபோன முதல் ஆள் நீயாகத்தான் இருப்பாய். வாசித்துச் சிரித்ததில் மெஷின் கழன்று தேத்தண்ணீருக்குள் விழப் பார்த்தது. சிரிப்பை மருமகளுக்கு விளங்கப்படுத்த எனக்கு அரை மணித்தியாலம் எடுத்தது, பிறகும் அவள் சிரிக்கவில்லை.

இங்கே எல்லோரும் சுகம். றஜிதாவை வார்டுக்குப் பொறுப்பாகப் போட்டிருக்கிறார்கள். நாற்பத்தொரு வயதில் என் பிள்ளைக்குக் கீழே பதினாறு நேர்ஸ்மார். நவம்பர் இருபத்துமூன்றாம் திகதி ஏதோ பயிற்சிக்கு ரொறொன்ரோ வருகிறாள். ஹோட்டலுக்கு ஆஸ்பத்திரி காசு தருமாம், ஆனால் அவளுக்கு அது வேண்டாம். “பேர்ணடெற் அன்ரி வீட்டதான் நிப்பன், கூழ் காச்சச் சொல்லுங்கோ” என்று இப்போதே உத்தரவு.

உன் ஷோஷானா சொன்னதை நானும் யோசித்தேன். என்னிடம் வந்து கேட்க வேண்டிய ஒரு ஆள் இருக்கிறது. யாரென்றுதான் தெரியாது. அந்த லண்டன் சம்பந்தம் உனக்கு நினைவிருக்கும். நாங்கள் இரண்டு பேரும் டோர்செட் பார்க்கில் ஒரே மாடியில் இருந்த காலம். றஜிதா அந்த மாப்பிள்ளைப் பெடியனோடு மூன்று மாதம் கதைத்தவள். ஒருநாள் போன் நின்றது. “விசாரிச்சதில எங்களுக்குத் திருப்தியில்லை” என்று ஒரே ஒரு வசனம் சொல்லி அனுப்பினார்கள். அதன் பிறகு எந்தப் பேச்சுக் கொண்டுவந்தாலும் அவள், “என்னை ஆரும் விசாரிக்க வேண்டாம் அம்மா” என்றுவிடுவாள். தான் சந்தோசமாக இருப்பதாகச் சொல்கிறாள், இருக்கலாம். ஆனால் அவர்களுக்கு ஏதோ சொன்ன அந்த வாய் யாருடையது என்று தெரியாமல் நான் கண்ணை மூட மாட்டேன்.

அதை விடு. நீ என்ன எழுதப்போகிறாய்? உனக்கு ஏதும் சுகமில்லையா? மகன் ஜஸ்ரின் வீட்டில் ஏதும் பிரச்சினையா? என்னைக் காக்கவைக்காதே எடி, பயமாக இருக்கிறது.

உன்,
யசிந்தா

*

வெக்ஸ்போர்ட்
01.10.2024

அன்பின் யசிந்தா,

அந்த வாய் என்னுடையது.

இந்த வசனத்தை எழுத மூன்று நாள் எடுத்தேன். மிச்சத்தையும் எழுதிவிடுகிறேன். பெடியனின் மாமி லண்டனிலிருந்து ஒரு சனிக்கிழமை எனக்குப் போன் எடுத்தார். நான் மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். “எதிர்வீட்டில இருக்கிறியள், உங்களுக்குத் தெரியாம இராது. பிள்ளை எப்படி?” என்றார். “நல்ல பிள்ளை” என்றேன். சொல்லிவிட்டு மீனின் தலையை வெட்டி ஒதுக்கினேன். பிறகு, “எதுக்கும் வேற இடத்திலயும் ஒருக்கா விசாரிச்சுப் பாருங்கோ” என்றேன்.

அவ்வளவுதான். பொய் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் எங்கள் ஆட்களுக்குள் அந்த வசனத்துக்கு என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்துதான் சொன்னேன்.

ஜஸ்ரினுக்கு றஜிதாவைக் கேட்க வேண்டும் என்று எனக்குள்ளே நினைத்துவைத்திருந்தேன். உன்னிடம் வாய்விட்டுக் கேட்கவில்லை. அவனிடமும் கேட்கவில்லை. அவன் படிப்பு முடியட்டும், வேலை ஒன்று கிடைக்கட்டும் என்று தள்ளிக்கொண்டிருந்தபோதுதான் லண்டன் வந்தது. கையிலிருந்து போகிறதே என்ற அந்தரத்தில் வாய் திறந்துவிட்டது. அடுத்த வருடமே அவன் தன் விருப்பத்துக்கு ஒருத்தியைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றான்.

லண்டனிலிருந்து மறுப்பு வந்த அன்று உன் வீட்டுக்கு வந்து தேத்தண்ணீர் போட்டுத் தந்தேன். பக்கத்தில் இருந்து, சொன்ன வாய் புழுக்கட்டும் என்று உன்னோடு சேர்ந்து திட்டினேன். அடுத்த ஞாயிறு பாவசங்கீர்த்தனம் செய்தேன். பரிகாரத்துக்குப் பத்து அருள்நிறை மந்திரம் சொல்லச் சொன்னார் சுவாமியார். பஸ் லோறன்ஸ் வீதியால் திரும்ப முன்னம் சொல்லி முடித்துவிட்டேன். பதின்மூன்று வருடம், அது முடிந்த காரியம் என்றே இருந்தேன். பூங்காவில் அந்த மனுசி சொன்னதை என் வாயாலேயே முப்பத்தெட்டுப் பேருக்குத் தமிழில் சொன்னபோதுதான், ஒன்றும் முடியவில்லை என்று விளங்கியது.

யசிந்தா, என்னை மன்னிப்பாயா? முதல் தரம் கேட்கிறேன்.

பேர்ணடெற்

*

வெக்ஸ்போர்ட்
28.10.2024

அன்பின் யசிந்தா,

நான்கு கிழமை ஆகிவிட்டது. அவர்களுடைய உபவாச நாளும் போய்விட்டது. கீழே தபால்பெட்டியை நாளுக்கு இரண்டு தரம் திறக்கிறேன். தபால்காரர் ஒருதரம்தான் வருவார் என்று தெரிந்தும் திறக்கிறேன். உன் கடிதம் வராததில் எனக்குக் கோபமில்லை. கோபிக்க எனக்கு என்ன உரிமை இருக்கிறது?

நீ வரச்சொன்னால் பஸ் ஏறி மொன்றியலுக்கு வருகிறேன். கதவைத் திறக்காவிட்டால் திரும்பிப் போகிறேன். றஜிதாவுக்கென்று வைத்திருக்கிற போர்வையைத் தோய்த்து மடித்துவைத்தேன். அவள் இனி வருவாளா என்று தெரியாது. வந்தால் எந்த முகத்தோடு கதவைத் திறப்பது என்றும் தெரியாது.

நாற்பது வருடப் பழக்கம் யசிந்தா. உன்னோடு கதைக்காத நாட்களில் எனக்கு யாரோடும் கதைக்க மனமில்லை. இரண்டாம் தரம் கேட்கிறேன். மூன்றாம் கடிதத்தையும் எழுதிவைத்திருக்கிறேன், அனுப்பத்தான் பயமாக இருக்கிறது.

பேர்ணடெற்

*

மொன்றியல்
06.11.2024

பேர்ணடெற்,

உன் இரண்டு கடிதமும் கிடைத்தன. முதலாவதைக் கிழித்தேன். பிறகு குப்பையிலிருந்து பொறுக்கி செலோரேப் போட்டு ஒட்டினேன், இன்னொரு தரம் வாசித்துத் திட்ட வேண்டியிருந்தது.

மாமியிடம் நீ சொன்னதைவிட, அன்று நீ போட்டுத் தந்த தேத்தண்ணீர்தான் எனக்கு எரிகிறது. நானும் அதை வாங்கிக் குடித்துக்கொண்டு, நீயாவது இருக்கிறாயே என்று உன் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தேனே.

இன்னொன்று. ஜஸ்ரினுக்கு என்று நீ ஒரு வார்த்தை கேட்டிருந்தால், நான் பிள்ளையிடம் கேட்டுவிட்டு ஓம் என்றிருப்பேன். எதிர்க்கதவுதானே எடி. தட்டியிருக்கலாம்.

நீ கேட்டதற்கு வருகிறேன். இரண்டு கடிதத்திலும் என்னிடமே கேட்கிறாய். பிழை செய்யப்பட்ட ஆளிடம் கேட்க வேண்டும் என்று உன் வாயால்தானே தமிழில் சொன்னாய்? மூன்று மாதம் போனில் கதைத்துவிட்டு, ஏன் நின்றது என்று தெரியாமல் இருந்தவள் நான் இல்லை. என்னில் என்ன குறை அம்மா என்று கேட்டவள் நான் இல்லை.

றஜிதாவுக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். இருபத்துமூன்றாம் திகதி அவள் உன் வீட்டுக்குத்தான் வருகிறாள். நீ சொல்லு. அவள் என்ன சொல்கிறாளோ அதற்குப் பிறகுதான் என்னுடைய முறை.

என்னிடம் மூன்றாம் தரம் கேட்காதே. எழுதிவைத்த கடிதம் பெட்டிக்குள்ளேயே கிடக்கட்டும். அதை அனுப்பினால் நீ விடுபட்டுவிடுவாய், நான் ஒருத்தி பாரத்தோடு நிற்க வேண்டும். உன்னை இப்போது மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை. உன்னை விட்டுவிடவும் மனம் வரவில்லை.

கூழ் காய்ச்சிவை, அவள் ஆசைப்பட்டுக் கேட்டது. ஆனால் கோப்பையில் ஊற்றிக் கொடுக்க முன்னம் சொல்லிவிடு. உன் கையால் சாப்பிட்ட பிறகு உன்னைக் கோபிக்க அவளால் முடியாது. பிள்ளை எப்படி என்று அந்த மாமி கேட்டாரே, பிள்ளை அப்படி.

யசிந்தா