பல் கம்பியும் காலைப் பூசையும்

நெல்லித்தோப்பு, புதுச்சேரி
3 ஜூலை 1957

சேசு மரி சூசை

அல்ஜீரியாவில் ஓரான் பட்டணத்தில், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருக்கும் என் மகன் சூசைநாதனுக்கு, உன் அப்பன் அமலநாதன் சொல்லச் சொல்ல உன் மகள் அகஸ்டினா எழுதுவது.

இங்கே சுகம். உன் சுகத்துக்கு வேண்டிக்கொள்கிறோம். லீவில் வந்தாய், மதராசுக்குக் கூட்டிப்போய்ப் பிள்ளையின் கோணல் பல்லுக்குக் கம்பி கட்டினாய், கப்பல் ஏறிவிட்டாய். மாதா மாதம் ரயிலில் உட்கார்ந்து இடுப்பொடிகிறவன் நான். முறுக்கு கூடாது, கரும்பு கூடாது, கமர்கட்டு கூடாது, எதைத் தின்றாலும் உடனே பிரஷ் போட்டுக் கம்பிக்கு மேலும் கீழும் தேய்க்க வேண்டும். டாக்டர் ஒரு தரம்தான் சொன்னார். எழுத்துத் தெரியாதவன்தான், ஒரு சொல் மறக்கவில்லை. நீ அதையே மூன்று கடிதத்தில் எழுதியிருக்கிறாய்.

போன மாதம் இவள் புதுநன்மை வாங்கினாள். பூசையில் சாமியார் நாக்கில் வைத்த அப்பத்தில் சேசுசாமியே முதல் தடவையாக இவளுக்குள் வந்தார். வாங்குகிற முறையெல்லாம் நானே சொல்லிக்கொடுத்தேன். இப்போது தினமும் ஐந்தரை மணிப் பூசைக்குப் போய் நன்மை வாங்குகிறாள். தாயில்லாப் பிள்ளை என்று ஒருவரும் குறை சொல்ல முடியாது. பல்லும் மூன்று வேளை விளக்குகிறாள்.

அப்பன்,
அமலநாதன் (கைநாட்டு)


ஓரான்
12 ஆகஸ்ட் 1957

அன்புள்ள அப்பாவுக்குத் தோத்திரம்.

மதராஸ் டாக்டர் எனக்கு எழுதியிருக்கிறார். பிள்ளையின் ஈறு வீங்கி ரத்தம் கசிகிறதாம். கம்பிக்கு அடியில் மாவு மாதிரி அழுக்கு. இப்படியே போனால் பல் சொத்தையாகும், அக்டோபரில் கம்பியைக் கழற்றிவிடுவேன் என்கிறார். மூன்று வேளை விளக்குகிற வாய் இப்படியா இருக்கும்? நீங்கள் பார்ப்பதில்லை, அப்பா. செல்லம் கொடுக்கிறீர்கள்.

ஜனவரியில் அவளை மதராஸ் கன்னியர் மடத்துப் போர்டிங்கில் சேர்க்கப்போகிறேன். மதருக்கு எழுதிவிட்டேன்.

மகன்,
சூசைநாதன்


நெல்லித்தோப்பு
5 செப்டம்பர் 1957

சூசைநாதனுக்கு,

இதை எழுதுவது பக்கத்து வீட்டுத் தையல் டீச்சர் ஸ்டெல்லாமேரி. உன் மகளைப் பற்றிய புகாரை உன் மகள் கையாலேயே எழுதவைக்க எனக்கு மனம் வரவில்லை.

நான் பார்ப்பதில்லையா? உனக்கு ஏழு வயதில், மூன்று ராசாக்கள் திருநாளன்று, கரும்பு கடித்துப் பல்லை உடைத்துக்கொண்டாய். தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். நீலச் சட்டை போட்டிருந்தாய். என் வேட்டியெல்லாம் உன் ரத்தம். பார்க்காதவனுக்கு இதெல்லாம் நினைவிருக்குமா?

போலீஸ்காரன் மாதிரி கிணற்றடியில் நின்று பார்க்கிறேன். திரும்பி நின்றுகொள்கிறாள். பிரஷ் நனைகிறது, பேஸ்ட் குறைகிறது, வாய் மட்டும் நாறுகிறது. நேற்று பிரஷைத் தொட்டுப் பார்த்தேன், வெறும் தண்ணீர். பேஸ்டைச் சாக்கடையில் பிதுக்கியிருக்கிறாள்.

"இன்னாடி இது, ஏன் தேய்க்கல?" என்றேன்.

வாயை இறுக்கி மூடிக்கொண்டு அழுகிறாள். கையில் ஒரு அடி போட்டேன். அப்புறம் எனக்குச் சோறு இறங்கவில்லை. இந்தக் கழுதைக்கு என்னதான் வந்தது என்று தெரியவில்லை.

ஆனால் போர்டிங் வேண்டாமப்பா. அவள் போய்விட்டால் இந்த வீட்டில் நான் யாரிடம் சண்டை போடுவேன்?

அப்பன்,
அமலநாதன் (கைநாட்டு)


நெல்லித்தோப்பு
22 செப்டம்பர் 1957

மகன் சூசைநாதனுக்கு,

இது அகஸ்டினா கையெழுத்து. இதை அவள்தான் எழுத வேண்டும்.

போன ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் நானே பிரஷை எடுத்து, தாடையைப் பிடித்து வாயைத் திறந்தேன். தெருவே கூடும்படி கத்தினாள்.

"வாணாம் தாத்தா! உள்ள சாமி இருக்காரு!"

"எங்கடி?"

"கம்பில. அப்பம் ஒட்டிக்கினு வரமாட்டேங்குது. தேய்ச்சா துப்பணுமே. நீதான சொன்ன, துப்புனவனுக்கு நாக்கு கட்டிக்கினு போச்சுன்னு!"

நான்தான் சொன்னேன். நன்மை வாங்கிய வாயால் துப்பின ஒருவன் அன்றைக்கே ஊமையானான் என்று என் ஒன்பதாம் வயதில் கேட்ட கதை. ஒரு சொல் விடாமல் நினைவு வைத்து, ஒரு சொல் விடாமல் பிள்ளைக்குச் சொல்லியிருக்கிறேன். தினமும் நன்மை, தினமும் கம்பியில் துணுக்கு. நாள் முழுக்க நாக்கால் தடவித் தடவிப் பார்த்து, இன்னும் போகவில்லை என்று பயந்து, பிரஷை மட்டும் நனைத்து வைத்திருக்கிறாள். அவளை நான் அடித்தும் விட்டேன்.

கோயில் சாமியாரிடம் அழைத்துப்போனேன். அவர் சிரிக்கவில்லை. "ஒரு டம்ளர் தண்ணி கொப்புளிச்சு முழுங்கும்மா. கால் மணி கழிச்சு நல்லா தேய்ச்சுத் துப்பு. சாமி கோச்சிக்க மாட்டாரு" என்றார். ஒரு வாரமாகத் தேய்க்கிறாள். ரத்தம் நின்றது.

தப்பு என்னுடையது. போர்டிங் உன் இஷ்டம்.

அப்பன்,
அமலநாதன் (கைநாட்டு)

அப்பா, "தப்பு என்னுடையது" என்ற வரியை நான் சரியாக எழுதினேனா என்று தாத்தா மூன்று தடவை வாசிக்கச் சொன்னார். - அகஸ்டினா


ஓரான்
14 அக்டோபர் 1957

அன்புள்ள அப்பாவுக்குத் தோத்திரம்.

போர்டிங் வேண்டாமென்று மதருக்கு எழுதிவிட்டேன். ரத்தம் நின்றதைப் பார்த்து, கம்பி இருக்கட்டும் என்று டாக்டரும் எழுதியிருக்கிறார். முறுக்கு மட்டும் கூடவே கூடாது.

அந்தக் கதையை எனக்கும் சொன்னீர்கள், என் புதுநன்மைக்கு முந்தின சாயங்காலம். எனக்கு முப்பத்தெட்டு வயதாகிறது. இன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வரை எச்சில் துப்ப மாட்டேன். பாலைவனப் புழுதி வாயில் நறநறவென்று இருந்தாலும் விழுங்குகிறேன். கூட இருக்கிறவர்கள் கேலி செய்கிறார்கள்.

அந்த ஒரு டம்ளர் தண்ணீர் சங்கதியை எனக்கும் அப்போதே கேட்டுச் சொல்லியிருக்கலாமே, அப்பா.

மகன்,
சூசைநாதன்