பதினோரு வெற்று வரிகள்

ஜூன் 3

பாதிக்காரி அக்காவுக்கு,

அக்கான்னு கூப்பிடலாம்ல? கூப்பிட்டாச்சு, இனி ஒண்ணும் பண்ண முடியாது.

நான் கண்ணாடிக் கடையில லென்ஸ் வெட்டுற பொண்ணு. உங்க 'பாதிக்காரி' தளத்துல இருக்கிற பதினோரு கட்டுரையையும் நாலு தடவை படிச்சாச்சு. ஆஸ்பத்திரியில பதிவுச் சீட்டு எழுதுற நீங்க, 'இனம்'ங்கிற கட்டத்துல மத்தவங்களுக்கு டக்குன்னு டிக் போட்டுட்டு, உங்க சீட்டு வரும்போது பேனாவத் தூக்கிட்டு முழிக்கிறீங்க. அந்தக் கட்டுரையையே சீட்டு மாதிரி கட்டம் கட்டமா எழுதியிருக்கீங்க பாருங்க, செத்தேன்!

உங்க அம்மாவோட சொந்தக்காரங்கள முதல் கட்டுரையில 'அவங்க ஆளுங்க'ன்னு சொல்றீங்க. நடுவுல 'அம்மா ஆளுங்க'. கடைசியில 'எங்க ஆளுங்க'. 'நான் மாறிட்டேன்'னு எங்கயும் சொல்லல. மூணு வார்த்தையிலயே சொல்லிட்டீங்க!

அப்புறம் அந்த வெற்று வரி. ஒவ்வொரு கட்டுரையிலயும் நீங்க வேலைக்குக் கிளம்புவீங்க, அம்மா வாசல்ல நின்னு அவங்க ஆளுங்க பேச்சுல ஏதோ சொல்வாங்க. 'அம்மா சொன்னாள்:' அதுக்குக் கீழே ஒண்ணுமே இல்ல! அதைப் படம் எடுத்து என் போன்ல வால்பேப்பரா வெச்சிருக்கேன். கடை அண்ணன், "என்ன, டிஸ்ப்ளே போயிடுச்சா?"ங்கிறார்.

எங்க வீட்டுலயும் அப்பா ஒரு ஆளுங்க, அம்மா வேற ஆளுங்க. நானும் ஒரு கட்டுரை எழுதியிருக்கேன். இணைச்சிருக்கேன். திட்டுறதா இருந்தாலும் முழுசா படிச்சிட்டுத் திட்டுங்க.

உங்க வெறித்தனமான வாசகி,
லென்ஸ்

ஜூன் 10

அன்புள்ள லென்ஸ் தங்கச்சிக்கு,

முழுசாகவே படித்தேன். உன் மாமாக்கள் சாப்பாட்டு மேசையில் சேர்ந்து உட்காராத அந்தப் பக்கம் நன்றாக இருக்கிறது. அங்கே நீ யாரையும் காப்பியடிக்கவில்லை.

ஒன்று மட்டும் கேட்கிறேன். கடைசியில் நீயும் ஒரு வெற்று வரி விட்டிருக்கிறாய். உன் அம்மா அங்கே என்ன சொன்னார்?

அன்புடன்,
அக்கா

ஜூன் 10 (உங்க மெயில் வந்து பத்தே நிமிஷத்துல!)

அக்கா! பதில் போட்டுட்டீங்க! கடையில குதிச்சதுல ஒரு லென்ஸ் காலி.

உண்மையச் சொல்லிடறேன். அம்மா சொன்னது, "குழாயை மூடிட்டுப் போடி, எரும." அது நல்லாயிருக்காதுன்னு ஸ்டைலுக்குக் காலியா விட்டேன். மன்னிச்சிடுங்க.

உங்க வரியில என்ன இருக்கு? யார்கிட்டயும் சொல்ல மாட்டேன், சத்தியமா.

லென்ஸ்

ஜூன் 24

தங்கச்சிக்கு,

இரண்டு வாரமாக எழுதி எழுதி அழித்தேன். நீ உண்மையைச் சொன்னாய், நானும் சொல்கிறேன். அந்த வரியில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. அம்மாவின் பேச்சு எனக்குப் புரியாது.

சின்ன வயதில் அம்மா அதைப் பேசினால் அத்தை விழுந்து விழுந்து சிரிப்பார். கூடச் சேர்ந்து நானும் சிரிப்பேன். அப்புறம் அம்மா வீட்டுக்குள் அதைப் பேசுவதை விட்டுவிட்டார். வாசலில் மட்டும் அந்த ஒரு வரி, தினமும்.

'எங்க ஆளுங்க' என்று நான் எழுதியது எவ்வளவு பொய் என்று இப்போது உனக்குத் தெரிந்திருக்கும்.

அக்கா

ஜூன் 24

அக்கா,

அம்மா உங்ககூடத்தானே இருக்காங்க? கேட்டாப் போச்சே!

லென்ஸ்

ஜூலை 2

பதினோரு கட்டுரைகளும் புத்தகமாக அச்சுக்குப் போகின்றன. அந்த வெற்று வரிதான் புத்தகத்தின் உயிர் என்கிறார் பதிப்பாளர். கேட்டால் போச்சு என்பது உனக்குச் சுலபம். சிரித்தவள் நீ இல்லை.

தயவுசெய்து இனி எழுதாதே.

ஜூலை 3

அக்கா, இது ஒண்ணுதான், அப்புறம் எழுத மாட்டேன். வாய்த்துடுக்கு எனக்கு. மன்னிச்சிடுங்க. என் கட்டுரையில அந்த வெற்று வரியை எடுத்துட்டுக் குழாயைப் போட்டுட்டேன். அம்மாகிட்ட வாசிச்சுக் காட்டினேன். "எருமைய எதுக்குடி விட்டே?"ன்னாங்க. சேர்த்துட்டேன்.

லென்ஸ்

ஆகஸ்ட் 19

அன்புள்ள தங்கச்சிக்கு,

எழுதாதே என்று சொன்ன நானே எழுதுகிறேன். கோபம் இருந்தால் பதில் போட வேண்டாம்.

போன ஞாயிறு அம்மா துணிக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். "வாசல்ல தினமும் என்னம்மா சொல்றே?" என்று கேட்டுவிட்டேன். பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

"இன்னிக்குத்தான் காது தெறந்துச்சா?"

"சொல்லும்மா."

"'என்ன சொல்றேன்னு ஒரு தடவ கேளேன்டி.' அவ்வளவுதான். வேற என்ன?"

அதையேதான் தினமும் சொல்லியிருக்கிறார். நான் அதைப் பதினோரு கட்டுரைகளாக்கிப் பாராட்டும் வாங்கியிருக்கிறேன்.

பதிப்பாளரிடம் பேசிவிட்டேன். பத்துக் கட்டுரைகளில் வரி காலியாகவே இருக்கும், அவை கேட்காதவள் எழுதியவை. பதினோராவதில் அம்மாவின் வரி இருக்கும். அவர் பேச்சில், நம் எழுத்தில். பொருள் போடவில்லை. வேண்டுமென்பவர்கள் யாரிடமாவது கேட்கட்டும். 'எங்க ஆளுங்க' என்பதைத் திரும்ப 'அம்மா ஆளுங்க' என்று மாற்றிவிட்டேன். இப்போதைக்கு அதுதான் நிஜம்.

உன் கட்டுரையை அனுப்பு, எருமையோடு.

நேற்று அம்மா எனக்குத் தன் பேச்சில் முதல் பாடம் எடுத்தார். அந்த வரியை நான் சொல்லிக் காட்டியதும் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். சிரிக்கட்டும் என்று திரும்பத் திரும்பச் சொன்னேன்.

அன்புடன்,
அக்கா