ரோசாலியா கோயில் வாசலில்

மல்வேர்ன், ரொறன்ரோ
வியாழக்கிழமை

அன்புள்ள தங்கச்சி நிலாணிக்கு,

நலமாக வந்து சேர்ந்தேன். ரோமில் விமானம் தாமதமானதால் வீடு வர விடிந்துவிட்டது. இங்கே முதல் பனி கொட்டியிருக்கிறது. நீ தந்த எலுமிச்சம்பழங்களை விமான நிலையத்தில் எடுத்துவிட்டார்கள். உன் மச்சாள் ரதிக்கு அதில் கோபம். 'உவருக்கு ஒண்டையும் பத்திரமாக் கொண்டுவரத் தெரியாது' என்று போனில் எல்லோருக்கும் சொல்கிறாள்.

வந்ததிலிருந்து நீ தொலைபேசியை எடுக்கவில்லை. அதனால் எழுதுகிறேன். தபாலில் சுணங்கும் என்பதால் இதைப் படம் எடுத்து அனுப்புகிறேன்.

அம்மா காலமான செய்தியைச் சொல்லத்தான் நான் பலெர்மோவுக்கு வந்தேன். சொல்லாமலே திரும்பினேன். உனக்கு இதயத்தில் சத்திரசிகிச்சை நடந்து அதிக காலம் ஆகவில்லை. விசா புதுப்பித்து வராததால் நீ இங்கே வரவும் வழியில்லை. தனியாக இருக்கிறவளுக்குத் தொலைபேசியில் சொல்லக்கூடாது என்று எல்லோருமாக முடிவெடுத்தோம். இணையத்தில் மரண அறிவித்தல் போடவேண்டாம் என்று மறித்தவன் நான். நீ அழைத்தபோதெல்லாம் அம்மா நித்திரை என்று ரதி சொன்னாள். அதற்குள் இங்கே எல்லாம் முடிந்துவிட்டது.

அம்மாவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு முன் திரும்பவேண்டியிருந்ததால் எனக்கு ஒரு பகல்தான் கிடைத்தது. காலையில் என்னைக் கண்டதும், 'அண்ணை, உங்கட வண்டி உங்களுக்கு முன்னம் வந்து இறங்குது' என்று என் வயிற்றைப் பார்த்துச் சிரித்தாய். சிரிக்கிறவளிடம் எப்படிச் சொல்வது? கொஞ்ச நேரம் போகட்டும் என்று இருந்தேன்.

சந்தைக்குக் கூட்டிப்போனாய். வாள்மீனின் தலையை ஐஸ்கட்டிமேல் நிமிர்த்தி வைத்திருந்தார்கள். கணவாய், இறால் எல்லாவற்றையும் நீ கடந்துபோய், வெறும் கடலைமாவிலேயே செய்து பொரித்த துண்டுகளைப் பாணுக்குள் வைத்து வாங்கித் தந்தாய். வீட்டுக்கு வந்தவருக்கு மீன் கொடுக்காமல் விடாதவள் நீ. அந்தியேட்டிவரை நான் மரக்கறிதான் என்பதை எப்படிச் சமாளிப்பது என்று யோசித்துக்கொண்டிருந்த எனக்கு, அது நல்ல காலமாகத் தெரிந்தது.

மரக்கறிக் கடை வைத்திருக்கிற நம்மூர் லெஸ்லி என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, 'அண்ணை, கேள்விப்பட்டு...' என்று தொடங்கினான். நீ இத்தாலியனில் சடசடவென்று ஏதோ சொன்னாய். அவன் நிறுத்திவிட்டு, 'கனடாவில உப்பிடிக் கத்தரிக்காய் கிடைக்குமோ?' என்று கேட்டான். ஓம், கிடைக்கும் என்றேன்.

அந்த நாற்சந்தியில், நான்கு மூலையிலும் ராசாக்களின் சிலைகள் நிற்கிற இடத்தில் சொல்லத் துணிந்தேன். குதிரைவண்டிக்காரன் வழிவிடச் சொல்லிக் கத்தினான். பிறகு கடற்கரை வாங்கில் உட்கார்ந்திருந்தபோது வாயெடுத்தேன். நீ முந்திக்கொண்டு, நீ பராமரிக்கிற கிழவியின் கதையைத் தொடங்கினாய். 'அவவுக்கு என்ர சோறு வாய்க்குள்ள போகும், என்ர பேர்தான் வராது. மரியா எண்டு கூப்பிடுவா. நானும் ஓமெண்டு போவன்' என்றாய். நானும் சிரித்தேன். அந்த நாள் முழுவதும் அம்மா எப்படியிருக்கிறா என்று நீ ஒருமுறைகூடக் கேட்கவில்லை. அதையும் என் அதிர்ஷ்டம் என்றே எடுத்துக்கொண்டேன்.

பின்னேரம் ரோசாலியா மாதா கோயில் மலைக்கு பஸ் ஏறியபோதுதான் எனக்கு வியர்த்தது. அம்மாவுக்குச் சுகம் வந்தால் ரோசாலியா மாதாவுக்குப் பெரிய மெழுகுதிரி ஏற்றுவதாக நீ நேர்ந்திருந்தது எனக்குத் தெரியும். இல்லாதவவுக்காக நீ மன்றாடுவதை நான் பக்கத்தில் நின்று பார்க்கவேண்டுமே! பஸ் ஒவ்வொரு வளைவிலும் திரும்பும்போது, இப்போது சொல், இப்போது சொல் என்று என்னையே நெருக்கினேன். நீ ஜன்னலால் கடலைப் பார்த்தபடி இருந்தாய்.

பாறையோடு ஒட்டிக் கட்டிய அந்தக் கோயிலுக்கு உள்ளே குகை என்றாய். பாறையிலிருந்து தண்ணீர் சொட்டும் என்றாய். வாசல்வரை வந்து நின்றுவிட்டாய். 'நீங்கள் போய்ப் பாத்திட்டு வாங்கோ அண்ணை, நான் வெளியில நிக்கிறன்.' எனக்கு முழங்கால் நோகிறது, நானும் நிற்கிறேன் என்றேன்.

செத்தவீட்டுத் துடக்கு கழியும்வரை கோயில்படி மிதிக்காத வீடு நம்முடையது. உனக்கு அந்த மாதாவும் நம் அம்மனும் ஒன்றுதான். அந்த இடத்திலேயே எனக்கு விளங்கியது. என்னைப்பற்றி உனக்கும் விளங்கியிருக்கும். சனங்கள் எங்களை விலத்திக்கொண்டு உள்ளே போனார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நாங்கள் நின்றோம். இருட்டப்போகுது, கடைசி பஸ் போய்விடும் என்று நீதான் சொன்னாய்.

ரொறன்ரோவில் ஒரு செத்தவீடு நடந்தால், அது ஊருக்குப் போய் அங்கேயிருந்து இத்தாலிக்கு வர ஓர் இரவு போதும் என்பதை நான் யோசித்திருக்கவேண்டும். ரதி அம்மா நித்திரை என்று சொன்ன நாட்களில் எந்த நாளிலிருந்து உனக்குத் தெரியும் என்று நான் கேட்கப்போவதில்லை. கேட்க எனக்குத் தைரியமும் இல்லை.

அந்தியேட்டி வருகிற ஞாயிறு காலை. உனக்கு அப்போது பின்னேரமாக இருக்கும். ஐயர் பிள்ளைகளின் பெயரைக் கேட்கும்போது உன் பெயரையும் சொல்வேன். அதற்கு முன் உன்னை அழைப்பேன். எடு, தங்கச்சி. ஒன்றும் பேசவேண்டாம். மந்திரம் கேட்கும்படி போனை என் பக்கத்தில் வைத்துவிடுகிறேன். நீ அழுதால் அழு, நான் போனை வைக்கமாட்டேன்.

மருந்தை நேரத்துக்குப் போடு. ரோசாலியா மாதா உன்னைப் பார்த்துக்கொள்ளட்டும். அவ்வளவு தூரம் வந்தும் என்னால் முடியவில்லை.

உன் அண்ணன்,
நவரட்ணம்