சஹனில் விட்ட கால் பங்கு

பிப்ரவரி 8, 2025, சனி

அஸ்ஃபியாவின் புத்தகம் வந்துவிட்டது. பார்சல் கடைக்கே வந்தது. ஆட்டுத் தொடை வெட்டிக்கொண்டிருந்தவன், கையை இரண்டு முறை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் பிரித்தேன். இந்தக் கேட்டி ஊரில் ஹலால் கறிக்கடை எத்தனையோ உண்டு. என் கடை போல் ஒன்று டெக்சாஸிலேயே கிடையாது. ஹைதராபாத் நவாப் வம்சத்தில் ஒருவர் மூன்று மணி நேரம் கார் ஓட்டி வந்து என்னிடம் ஈரல் வாங்கிப் போகிறார். (நவாப் வம்சம் என்று அவர் சொன்னதில்லை. மூக்கைப் பார்த்தால் தெரிகிறது.)

முந்நூறு பக்கம், இங்கிலீஷ் நாவல், நியூயார்க் கம்பெனி போட்டது. எழுதியது என் மகள். நியூஜெர்சியில் பிஸ்கட்டவே என்ற ஊரில் இருந்துகொண்டு காலேஜில் பாடம் நடத்துகிறவள். நான் படித்தது ஒன்பதாவது வரை. ஒன்பதாவதை இரண்டு முறை படித்ததால் பத்தாவது என்றே வைத்துக்கொள்ளலாம்.

கதையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நேரே கடைசிப் பக்கத்துக்குப் போனேன். நன்றி சொல்லும் பக்கம் அங்கேதான் இருக்கும் என்று பக்கத்து வீட்டு செல்வராஜ் சொல்லியிருந்தார். விரலை வைத்து வரி வரியாகத் தேடினேன்.

“ஹாமித் மாமாவுக்கு. நம் ஊரையும் அதன் வழக்கங்களையும் எனக்குத் தந்தவர் அவர்தான்.”

நாலு வரி தள்ளி: “உம்மா வாப்பாவுக்கு, சோறு போட்டு வளர்த்ததற்கு.”

பிப்ரவரி 9

சோறு போட்டதற்காம்.

பிப்ரவரி 16, ஞாயிறு

ஹாமித் மச்சான் வந்திருந்தார். என் மனைவி ஷரீபாவின் அண்ணன். பச்சை அட்டைக்கு எங்களை ஸ்பான்சர் செய்தவர், எண்ணெய்க் கம்பெனியில் இன்ஜினியராக இருந்து ரிட்டயர் ஆனவர், பொய் பேசாதவர், வட்டி வாங்காதவர், வெங்காயம் பொடியாக நறுக்குகிறவர். ஷரீபாவின் வாயில் இந்தப் பட்டியல் இருபத்தைந்து வருஷமாக ஓடுகிறது. கீழக்கரையில் ஒரே தெருதான் எங்களுக்கு. ஆனால் ஊரைப் பற்றி அவரிடம் என்ன இருக்கிறது? வருஷமும் தேதியும்தான். “அறுபத்து நாலு டிசம்பர்ல புயல் அடிச்சுது” என்பார். முடிந்தது. அதே புயலை நான் சொன்னால் கேட்கிறவன் நனைந்துபோவான்!

அஸ்ஃபியாவுக்கு போன் போட்டேன். சும்மா கேட்பதுபோலத்தான் கேட்டேன்.

“ஏம்மா, ஊரு வழக்கமெல்லாம் மாமாதான் தந்தாரோ?”

“வாப்பா, டோன்ட் பி ஜெலஸ். ரெண்டு வருஷம் ரெக்கார்டர் வெச்சு மாமாவ இன்டர்வியூ பண்ணேன். நீங்க சொன்னா மூணு தடவ மூணு கதை வரும்.”

மூன்று கதை வந்தால் மூன்றில் நல்லதை எடுத்துக்கொள்ள வேண்டியதுதானே. அதற்கு ஒரு காலேஜ் படிப்பா?

ஜெலஸ் இல்லை. எனக்கென்ன ஜெலஸ்.

மார்ச் 4, செவ்வாய்

நோன்பு நாள் நாலு. செல்வராஜின் மகள் ரோஷினி கடைக்கு வந்தாள். அமெரிக்க இலக்கியம் என்று ஒரு வகுப்பு எடுக்கிறாளாம். அதில் அஸ்ஃபியாவின் புத்தகம் பாடமாம். கையில் நோட்டு.

“அங்கிள், அந்த சஹன்ல கால்வாசி சோறு விடுறாங்களே, அது எதோட சிம்பல்? கடலா, போனவங்களா, விட்டுட்டு வந்த நாடா? மூணு பக்கம் எஸ்ஸே எழுதணும்.”

“எந்தக் கால்வாசி?”

“புக்ல அதுதானே மெயின்! ஒரு பெரிய தட்டுல எல்லாரும் சேர்ந்து சாப்பிடுறாங்க. கடல் தாண்டிப் போய்த் திரும்பாதவங்களுக்காக நாலுல ஒரு பங்கைத் தொடாம விடுறாங்க. உங்க ஊர் வழக்கம். ஹாமித் அங்கிள் சொன்னதாமே?”

கையில் கத்தி அப்படியே நின்றது.

அது ஊர் வழக்கம் இல்லை. கீழக்கரையில் எவனும் சஹனில் பருக்கை மீதி வைக்க மாட்டான். வழித்துச் சாப்பிட்டால்தான் பரக்கத், அல்லாஹ்வின் அருள். அந்தக் கால் பங்கு நான் கட்டிவிட்டது. நான்! 2002-இல், எங்கள் அபார்ட்மென்ட் தரையில் உட்கார்ந்து, ஏழு வயது அஸ்ஃபியாவிடம் சொன்னது. அமெரிக்காவில் காலேஜ் பிள்ளைகள் உட்கார்ந்து என் சரக்கைப் பரீட்சைக்கு எழுதுகிறார்கள், பெயர் மட்டும் ஹாமித்துக்கு.

வெளியே சொல்ல முடியுமா? என்னுடையது என்று சொன்னால் பொய் என்றும் சொல்லியாக வேண்டும். பொய் என்று சொன்னால் புத்தகம் என்னாவது?

ரோஷினிக்கு ஒரு கிலோ கொத்துக்கறி கொடுத்து அனுப்பிவிட்டேன். அவள் கேட்டது கோழி.

மார்ச் 8, சனி

பள்ளிவாசல் ஹாலில் எங்கள் ஆட்களின் இஃப்தார். நோன்புக் கஞ்சி நான் காய்ச்சியது. மலேசியாவில் இருந்திருந்தால் இந்தக் கஞ்சிக்கு டத்தோ பட்டம் தந்திருப்பார்கள். கஞ்சி முடிந்து சஹனில் பிரியாணி வந்தது. ஐந்தாறு சஹனில் பிள்ளைகள் விரலால் கோடு இழுத்துக் கால் பங்கை ஒதுக்கினார்கள். ஒருத்தர், ஆதிஃப் என்று பேர், டாக்டர், எல்லாரும் கேட்க, “எங்க அப்பா காலத்துல இத ரொம்ப ஸ்ட்ரிக்டா பாப்பாங்க” என்கிறார். வாணியம்பாடிக்காரர். அங்கே கடல் எங்கே இருக்கிறது?

எல்லாரும் ஹாமித் மச்சான் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். அடக்கமாம்.

நான் அண்டா கழுவினேன்.

மார்ச் 20, வியாழன்

வந்தது வினை.

ஹூஸ்டனில் ஆஸிபா என்று ஒரு பெண், கீழக்கரைதான், புத்தகத்தைக் கிழித்து இன்டர்நெட்டில் எழுதியிருக்கிறாள். ஷரீபா படித்துக் காட்டினாள். ‘எங்கள் ஊரில் இப்படி ஒரு வழக்கம் கிடையவே கிடையாது. வெள்ளைக்காரர்கள் கண் கலங்குவதற்காக இல்லாத மரபைச் செய்து விற்றிருக்கிறார். சொல்லிக்கொடுத்த ஹாமித் என்பவர் யார்?’ இரண்டு நாளில் ஆயிரக்கணக்கான பேர் அதைப் பரப்பியிருக்கிறார்களாம்.

எழுத வெட்கமாக இருக்கிறது. எழுதிவிடுகிறேன். முதலில் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ‘ஹாமித் என்பவர் யார்’ — அந்த வரியை ஷரீபாவை இன்னொரு தடவை படிக்கச் சொன்னேன். காது சரியாகக் கேட்கவில்லை என்றேன்.

மார்ச் 22

அஸ்ஃபியாவின் போன். அழவில்லை, அழுதிருந்தால் தேவலை. இந்த ஏப்ரல் கடைசியில் காலேஜில் அவள் வேலையை நிரந்தரம் செய்வதா வேண்டாமா என்று கமிட்டி உட்காருகிறதாம். ஆஸிபா எழுதியதை யாரோ அவர்களுக்கு அனுப்பிவிட்டார்கள்.

“வாப்பா, அது நிஜம்தானே? ஃப்ரைடே ஃப்ரைடே நாமளே விட்டோமே?”

விட்டோம்மா, என்றேன். அது உண்மை. அதற்கு மேல் கதை எதையும் சேர்க்காமல் போனை வைத்துவிட்டேன். நான் கதை சேர்க்காமல் விட்டது அறுபத்திரண்டு வயதில் இதுதான் முதல் தடவை.

ஏப்ரல் 12, சனி

எல்லாவற்றையும் எழுதிவிட வேண்டும்.

மத்தியானம் லைப்ரரியில் புத்தகத்தைப் பற்றிய கூட்டம். முன்பே ஏற்பாடானது. மேடையில் மூன்று நாற்காலி: அஸ்ஃபியா, ஒரு வெள்ளைக்காரப் புரொபசர் அம்மா, ஹாமித் மச்சான். கோட்டு போட்டிருந்தார். நான் பின்னால், பிரியாணி டிரேக்களோடு. நூற்றைம்பது பேர் இருக்கும். சரி, எண்பது.

புரொபசர் அம்மா நன்றாகத்தான் பேசினார். ஒரு தட்டு எப்படி அமெரிக்க இலக்கியத்தில் ஒரு குறியீடாகிறது, இங்கே வந்து சேர்ந்தவர்கள் எல்லாருமே எதையோ காலியாக விட்டு வைத்திருக்கிறார்கள், என்று. ஒரு கிழவர் கண்ணைத் துடைத்தார். அவர் அழுதது மூன்று மீனுக்காக — அதைப் பிறகு சொல்கிறேன்.

ஆஸிபா மூன்றாவது வரிசையில் எழுந்தாள். கோபமே இல்லாமல் பேசினாள். அதுதான் பயமாக இருந்தது. “ஹாமித் மாமா, நீங்க பெரியவங்க. போன மாசம்தான் நோன்பு வெச்ச வாய். நம்ம ஊர்ல இது உண்டா இல்லையா, நீங்களே சொல்லுங்க.”

அஸ்ஃபியா அவரைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் அவள் வேலை, பெயர், எல்லாம் இருந்தது.

மச்சான் மைக்கைப் பிடித்தார். “இல்லம்மா. ஊர்ல இல்ல. நான்தான் பிள்ளைக்குத் தப்பா சொல்லிட்டேன். வயசாச்சு, ஞாபகம் பெசகிப்போச்சு. அவ மேல குத்தமில்ல.”

பொய்! பொய் பேசாத மனுஷன், எண்பது பேர் முன்னால், கோட்டுப் போட்டுக்கொண்டு பொய் சொல்கிறார். எனக்கு முதலில் வந்தது என்ன தெரியுமா? நன்றி இல்லை. வயிற்றெரிச்சல். என் கதையை எடுத்துக்கொண்டார், இப்போது என் பொய்யையும் எடுத்துக்கொண்டு போகிறாரே!

கரண்டியோடு எழுந்து நின்றுவிட்டேன். “அவர் சொன்னதில்ல. அது என்னோட சரக்கு. நான் கட்டிவிட்டது.”

சிரித்தார்கள். செல்வராஜ்தான் முதலில். “கமால் பாய், இதையும் நீங்கதானா? போன வாரம் ஃப்ரீவேக்கே நீங்கதான் ரூட்டு போட்டுக் குடுத்ததா சொன்னீங்க!” ஆஸிபாகூட, “மச்சானைக் காப்பாத்தப் பாக்கிறீங்க மாமா, உக்காருங்க” என்றாள், இரக்கத்தோடு. என்னை நம்ப அங்கே ஒரு ஆள் இல்லை. உண்மையைச் சொல்ல நான் பழகியிருந்தால்தானே.

சொன்னேன். அலங்காரம் இல்லாமல் சொன்னேன். பெட்ரோல் பங்க்கில் வேலை பார்த்தபோது, ஒரு வெள்ளிக்கிழமை, வழியில் இரண்டு மீன் சாண்ட்விச் தின்றுவிட்டு வீட்டுக்கு வந்தேன். ஷரீபா பிரியாணி போட்டிருந்தாள். உள்ளே இறங்கவில்லை. சஹனில் மீதி வைத்தால் கொன்றுவிடுவாள். பிள்ளை வேறு, ‘ஏன் வாப்பா மிச்சம் வைக்கிறீங்க’ என்றது. வாயில் வந்ததைச் சொன்னேன்: கடல் தாண்டிப் போனவர்களுக்கு, நம்ம ஊர் வழக்கம் என்று.

யாரும் சிரிக்கவில்லை. நம்பவும் இல்லை.

அப்போது பின் வரிசையிலிருந்து ஷரீபா. “ரெண்டாம்ல, ரெண்டு! மூணு. சட்டப் பையில பில்லு இருந்துச்சு. அன்னிக்கே எனக்குத் தெரியும். பிள்ள வாயப் பொளந்து கேட்டுச்சேன்னு உட்டேன். அடுத்த வெள்ளியிலேர்ந்து அதுவே வெரலால கோடு போட்டுச்சு.”

ஹாலே இடிந்து விழுகிற மாதிரி சிரிப்பு. புரொபசர் அம்மாவுக்கு ரோஷினி மொழிபெயர்த்தாள். அவர் என்னைப் பார்த்து, அப்படியானால் இது மரபே இல்லையா என்று கேட்டார்.

“மேடம், எங்க வீட்ல இருபத்திரண்டு வருஷமா நடக்குது. இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால இந்த எடத்துல மாடு மேஞ்சுச்சு. கேட்டிக்கு இது ரொம்பப் பழைய வழக்கம்.”

கை தட்டினார்கள். ஆஸிபாகூட. இதில் கொஞ்சமும் மிகை இல்லை.

அஸ்ஃபியா தட்டவில்லை. என்னைப் பார்க்காமல் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள்.

ஏப்ரல் 13, ஞாயிறு

ஏர்போர்ட்டுக்கு அவளை ஹாமித் மச்சான்தான் கொண்டுபோய் விட்டார். என் காரில் ஏற மாட்டேன் என்றாள். போகும்போது ஒரே ஒரு கேள்வி: “பிப்ரவரியில புக் வந்துச்சு. நீங்க படிச்சிருந்தா அப்பவே சொல்லியிருக்கலாம். படிச்சீங்களா, வாப்பா?”

நான் படித்தது ஒரே பக்கம். அதில் என் பெயரைத் தேடினேன். இதை எப்படிச் சொல்வேன்.

விட்டுவிட்டுத் திரும்பிய ஹாமித் மச்சான் வாசலிலேயே நின்றார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

“மச்சான், ரெக்கார்டர் வெச்சுக் கேட்டா அவ: இந்தக் கால் பங்கு வாப்பா சொன்னாங்க, நெஜந்தானே மாமான்னு. இல்லன்னு சொன்னா ஒன்ன பொய்யன்னு நெனைக்கும் பிள்ள. ஆமான்னுட்டேன். என் தப்பும்தான்.”

அவர் போன பிறகு கடையைத் திறக்கவில்லை.

ஏப்ரல் 30

வேலை நிரந்தரம் ஆகிவிட்டது. செய்தி ஷரீபாவின் போனுக்கு வந்தது. நடந்ததை அப்படியே எழுதிக் கொடுத்தாளாம், மீன் சாண்ட்விச் உள்பட. என் போன் சும்மா இருக்கிறது.

மே 18, ஞாயிறு

கூப்பிட்டாள்!! முப்பத்தைந்து நாள்.

“அடுத்த பிரின்ட் வருது. மாமா பேர எடுத்துட்டு உங்க பேர் போடட்டுமா? கம்பெனியில கேக்குறாங்க.”

போடு என்று சொல்ல வாய் எடுத்தேன். அதற்குள், “நோ நோ. ஃபர்ஸ்ட் புக்க படிங்க. படிச்சிட்டுச் சொல்லுங்க” என்று வைத்துவிட்டாள்.

ஒரு நாளைக்கு ஐந்து பக்கம். ரோஷினியின் பழைய டிக்‌ஷனரி. இன்று ஐந்து என்று எழுதவே ஆசை, உண்மையில் ஒன்றரை.

மே 29

41-ஆம் பக்கம். கதையில் ஒரு வாப்பா. பள்ளிக்கூடத்தில் மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள் என்று மகள் அழும்போதெல்லாம் அவன் ஒரு புளுகு சொல்கிறான். இல்லாத தாத்தாவின் இல்லாத கப்பல். அதைக் கேட்டு அழுகையை விட்டுச் சாப்பிடுகிறாள்.

இதெல்லாம் நான் சொன்னதா? கப்பலுக்கு ஏழு பாய்மரம் என்று இருக்கிறது. ஏழு என்று அளக்கிறவன் என்றால் அது நான்தான்.

ஜூன் 14, சனி

முடித்தேன். கப்பல் வந்த பிறகு ஐந்து பக்கக் கணக்கை விட்டுவிட்டு ராத்திரி முழுக்கப் படித்தேன். கடைசி இருபது பக்கத்தை இரண்டு முறை.

புத்தகம் முழுக்க அந்த வாப்பாதான். அவன் நடை, அவன் தொப்பை, அவன் கறிக்கத்தி. ஹாமித் மச்சானைத் தேடிப் பார்த்தேன். ஒரே ஒரு இடம், 212-ஆம் பக்கம். ஒரு மாமா காரை நிறுத்துகிறார், பெட்டியை இறக்கிக் கொடுக்கிறார், போய்விடுகிறார். பேர்கூட இல்லை.

அஸ்ஃபியாவுக்குச் சொல்லிவிட்டேன்: நன்றிப் பக்கத்தில் ஒரு எழுத்தையும் மாற்றாதே. ஏன் என்றாள். பிரின்ட் பண்ணுகிறவனுக்கு வீண் வேலை என்றேன். பிறகு, “ஓகே, வாப்பா” என்றாள், சின்னப் பிள்ளையில் சொல்வதுபோல.

சாயங்காலம் மச்சான் கறி வாங்க வந்தார். கதை படிக்கிற ஆள் இல்லை அவர். நாவல் என்றால் நேரத்தைக் கொல்வது என்பார். தொடைக்கறியை நிறுத்துக்கொண்டிருந்தேன். தராசைப் பார்த்துக்கொண்டே கேட்டார்:

“முழுசும் படிச்சிட்டியாமே. நான்... எங்கயாச்சும் வர்றேனா?”

“என்ன மச்சான் இப்படிக் கேட்டுட்டீங்க! கத நிக்கிறதே உங்க மேலதான். நாலு அத்தியாயம் முழுக்க நீங்கதான். புயல் ஒண்ணு வருது பாருங்க, நீங்க அதுல ஒரு கப்பலையே காப்பாத்துறீங்க.”

“கப்பலா?” என்றார். முகம் சிவந்துவிட்டது மனுஷனுக்கு.

“ஏழு பாய்மரம்” என்றேன். ஈரல் கொஞ்சம் சேர்த்துக் கட்டிக் கொடுத்தேன்.