சயானைத் தாண்டாத வருஷங்கள்

என் அம்மா, என் துணிச்சலே,

போன மழைக்கு முன்னால் நீ கண்ணை மூடினாய். அடுத்த மழைக்கு முன்னால் நான் கப்பல் ஏறுகிறேன். மொம்பாஸாவுக்கு. அப்பாவிடம்.

சித்தியிடம் சொன்னேன். அடுப்பை அணைத்துவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள். "கோர்ட் படியேறி உன்னைப் போகவிடாம வச்சிண்டாளே உங்கம்மா, அதெல்லாம் எதுக்குடீ? நீயே போய் நிக்கறதுக்கா?"

அதற்குப் பதிலை உனக்கு எழுதுகிறேன். பத்திரிகையில் வரும். சித்தியும் படிப்பாள்.

அப்போது எனக்குப் பத்து வயது. ஐரோப்பாவில் யுத்தம் தொடங்கியிருந்தது. அப்பா ஆப்பிரிக்காவில், மொம்பாஸாவில் ரயில்வே குமாஸ்தா. நீ பம்பாயில், மாட்டுங்காவில் பெண்கள் பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சர். நீங்கள் பிரிந்து சில வருஷம் ஆகியிருந்தது. ஏன் பிரிந்தீர்கள்? கேட்டபோதெல்லாம் "ஒத்துப்போகலை" என்றாய். அதற்கு மேல் அவரைப் பற்றி ஒரு சொல் இல்லை.

லீவில் வந்த அப்பா, என்னைத் தன்னோடு கப்பலில் அழைத்துப் போக ஹைகோர்ட்டில் மனுப் போட்டார். சட்டம் தகப்பன் பக்கம். நம் வக்கீல் மாமா அதை மறைக்கவில்லை. ஆனால் அவரிடம் ஓர் அஸ்திரம் இருந்தது.

"சமுத்திரம் தாண்டறது நமக்கு தோஷம். பெண் குழந்தை வேற. ஆசாரம்னு சொல்லிட்டா வெள்ளைக்கார ஜட்ஜ் தொடவே பயப்படுவான். கோவில் சாஸ்திரிகளைக் கூண்டுல ஏத்தறேன். கேஸ் முடிஞ்சுது."

"வேண்டாம் மாமா."

"ஏம்மா?"

"அதுல எனக்கு நம்பிக்கை இல்லையே."

"நீ ஏன் நம்பணும்? ஜட்ஜ் நம்பினா போறாதா?"

"வேண்டாம்."

காரணத்தை நீ சொல்லவில்லை. வெகுநாள் கழித்துச் சித்தி சொன்னாள். அப்பா முதல் லீவில் வந்தபோது ஒரு கல்யாணத்தில், கடல் தாண்டினவர் என்று பந்திக் கோடியில் தள்ளி இலை போட்டார்களாம். பெண்கள் பந்திக்குக் காத்திராமல், நீ ஓர் இலையை எடுத்துவந்து அவர் பக்கத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாயாம். பரிமாறுகிறவர்கள் வாளியோடு நின்றுவிட்டார்களாம். எவ்வளவு நேரம் அந்த வெறும் இலைக்கு முன்னால் இருந்தாய்? யாராவது சாதம் போட்டார்களா?

பிறகு அதே மனிதரோடு வாழ முடியாமல் போயிற்று. ஆனாலும் அவர் கடல் தாண்டியதை ஒரு குற்றமாக உன் வாயால் சொல்ல நீ சம்மதிக்கவில்லை. கையில் இருந்த ஒரே ஆயுதம் அது. பணயம் நான்.

ஜட்ஜ் தன் அறைக்கு எல்லோரையும் அழைத்தார். உங்கள் ஆசாரத்தில் கடல் பயணத்துக்குத் தடை உண்டா என்று அவராகவே கேட்டார். வக்கீல் மாமா உன் முகத்தையே பார்த்தார். மொழிபெயர்ப்பாளரிடம் தமிழில் சொன்னாய்.

"எனக்கு அப்படி ஒரு தடையும் இல்லை. இவ சின்னவ. இப்போ இவளுக்கு நான் வேணும். வளர்ந்தப்புறம் போகணும்னு இவளே கேட்டா நானே கப்பல் ஏத்தி விடுவேன்."

வக்கீல் மாமா, தலையில் அடித்துக்கொள்ளத் தூக்கிய கையால், ஜட்ஜைப் பார்த்ததும் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

வெளியே தாழ்வாரத்தில் அப்பா உன்னிடம் வந்தார். வருஷக்கணக்கில் நீங்கள் நேராகப் பேசி நான் கேட்டது அன்றுதான்.

"தோஷம்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஜெயிச்சிருப்பியே."

"ஜெயிச்சுட்டு, நாளைக்கு இவ போகணும்னா எந்த வாயால சரின்னு சொல்றது? நீங்களே சொல்லுங்கோ."



தீர்ப்புக்கு ஒரு வாரம் இருந்தது. அந்த வாரம் நீ எனக்குத் தலை பின்னவில்லை. என்னையே பின்னச் சொன்னாய். கோணலாக வந்தது. "அங்கே யார் பின்னி விடுவா? அவுத்துட்டு இன்னொரு தரம் பின்னு." உன் கைகள் உன் மடியில் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருந்தன. கண்ணாடியில் பார்த்தேன்.

இந்த வயதில் இவளுக்குத் தாய் வேண்டும் என்று நீ சொன்னதையே எழுதி, ஜட்ஜ் என்னை உன்னோடு விட்டார். பதினெட்டு வயதுவரை, கோர்ட்டைக் கேட்காமல், தாயோ தகப்பனோ என்னைப் பம்பாய் நகர எல்லைக்கு வெளியே கொண்டு போகக் கூடாது. அப்பா அப்பீல் போகவில்லை.

"நகர எல்லை சயானோட சரி, ஜாக்கிரதை!" என்று வக்கீல் மாமா சிரித்தார். நீ சிரிக்கவில்லை.

அடுத்த வருஷம் சித்தி சுனாபட்டியில் வீடு கட்டினாள். சயானிலிருந்து கூப்பிடு தூரம். கிருஹப்பிரவேசத்துக்கு என்னை அழைத்து வர மாட்டேன் என்றாய்.

"சுனாபட்டி என்ன ஆப்பிரிக்காவா அக்கா?"

"எல்லைக்கு அந்தண்டைதானே?"

"யார் பாக்கப் போறா? டிக்கெட் கலெக்டரா?"

"அவருக்கு மொம்பாஸா இல்லைன்னு ஆச்சு. எனக்கு மட்டும் சுனாபட்டி உண்டா?"

"அப்போ ஒரு பாயசத்துக்குக் கோர்ட்ல மனுப் போடு, போ!"

சித்தி தோற்றாள். மத்தியானம் டிபன் காரியரோடு சயான் ஸ்டேஷனுக்கு வந்தாள். பிளாட்பாரத்துப் பெஞ்சில் மூன்று பேரும் உட்கார்ந்தோம். எல்லை தாண்டிக் குர்லா பக்கம் வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. பாயசம் ஆறியிருந்தது. சித்தி திட்டிக்கொண்டே ஊற்றினாள். நீ கேட்டு வாங்கி இரண்டாம் முறை குடித்தாய்.

எத்தனை வருஷம் அப்படி! கோடை லீவில் எல்லோரும் பாலக்காடு போனார்கள். நாம் தாதர் கடற்கரைக்குப் போனோம். எனக்குக் கோபமாக இருக்கும். காலேஜில் நீதி, சமத்துவம் என்று தடித்தடியாகப் புத்தகங்கள் படித்தேன். அவற்றை மூடி வைத்தால் எனக்கு அந்தப் பெஞ்சுதான் தெரிகிறது.

யுத்தம் முடிந்து அப்பா லீவில் வந்தபோதெல்லாம் என்னைப் பார்த்தார். ஒரு தடவைகூட "வா" என்றதில்லை. இப்போது நான்தான் எழுதினேன், வரட்டுமா என்று. பதில் வந்தது. "இங்கே குளிர் கிடையாது. கம்பளி கொண்டுவராதே. வா."

சித்திக்கு என் பதில் இதுதான். என்னைத் தூக்கிக்கொண்டு போவதைத்தான் அம்மா தடுத்தாள். நானாக நடந்து போவதை அல்ல.

அங்கே ஒரு வருஷம் இருப்பேன். உன்னைப் பற்றி அப்பாவிடம் நிறையக் கேட்பேன். ஏன் பிரிந்தீர்கள் என்று மட்டும் கேட்க மாட்டேன். நீ என் காதில் போடாத குறை எதையும் அவரிடம் நானாகத் தேட மாட்டேன். இது வாக்கு, அம்மா.

இரண்டு பேருக்கும் மகளாக நீ வளர்த்த
உன் அம்மு